கலைமகளா, விலைமகளா? கெய்ஷா குறித்த ஒரு பொருந்தா வினா

யப்பானியப் பண்பாடு பற்றிப் பிறநாட்டார் எழுதியவற்றுள் கெய்ஷா பெற்ற இடம் மிகப் பெரிது. பெற்ற விளக்கமோ மிகச் சிறிது. பூஜி மலை, செரிப்பூ, கெய்ஷா என்னும் மூன்றையும் ஒரே மூச்சிற் கூறி அந்நாட்டை அறிந்துவிட்டதாக எண்ணும் வழக்கம் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக நிலவுகின்றது. 'பூஜியாமா, கெய்ஷா' என யப்பானியரே இதனைக் கேலியாகக் குறிப்பர். இவ்வழக்கினுள்ளே மறைந்து நிற்பது ஒரு வினா: கெய்ஷா கலைமகளா, விலைமகளா? ஒரு சாரார் அவளை நாகரிகப் பூச்சுப் பூசிய பரத்தை என்பர். மறுசாரார், அவள் இசையும் நடனமும் கற்ற தூய கலைஞர் என்றும், அவளைப் பரத்தையென்பது அறியாமை என்றும் வாதிடுவர். இவ்விரு விடைகளும் ஒன்றையொன்று மறுப்பனபோலத் தோன்றினும் அடிப்படையில் ஒன்றேயாம். இரண்டும் அவளது கற்பையே அளவுகோலாகக் கொள்கின்றன. அவளைப் பயிற்றியவர் எவர், அப்பயிற்சிச் செலவு எவர் தலையிற் கடனாக ஏற்றப்பட்டது, அவளது உழைப்பின் பயனை எவர் நுகர்ந்தனர் என்னும் வினாக்களை இரண்டுமே எழுப்புவதில்லை. முதலாவது விடை பொய். இரண்டாவது பாதி உண்மை. முழுப் பொய்யினும் பாதி உண்மையே நெடுநாள் வாழ்வது.

சொல்லும் தோற்றமும்

'கெய்' என்பது கலை. 'ஷா' என்பது ஆள். கலைத்தொழில் புரிவோர் என்பதே கெய்ஷா என்னும் சொல்லின் நேர்ப்பொருள். அதிற் பாற்குறிப்பு எதுவும் இல்லை. வரலாற்றில் முதற்கண் தோன்றிய கெய்ஷாக்கள் ஆண்களே. விருந்துகளில் வேடிக்கை பேசியும் பாடியும் முழவு கொட்டியும் மகிழ்வித்த இவர்கள் தைக்கோமொச்சி எனவும் ஹோகன் எனவும் அழைக்கப்பட்டனர். பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே பெண்கள் இத்தொழிலிற் புகுந்தனர். தொடக்கத்திற் 'பெண் கெய்ஷா' என அவர்களைத் தனித்துச் சுட்டவேண்டியிருந்தது. 1800ஆம் ஆண்டளவில் நிலைமை தலைகீழாயிற்று. பெண்களே பெரும்பான்மையினராயினர்; ஆடவரை 'ஆண் கெய்ஷா' என அடைகொடுத்துச் சுட்டும் நிலை தோன்றியது. எனவே, இச்சொல்லைத் தமிழிற் கணிகை, பரத்தை, தாசி என்பவற்றுள் ஒன்றாற் பெயர்த்துவிடின் மொழிபெயர்ப்பிலேயே தீர்ப்பும் எழுதப்பட்டுவிடும்.

தொக்குகாவா ஆட்சியாளர் பரத்தமையை ஒழிக்க முயலவில்லை. வேலியிட்டு ஓரிடத்தில் அடக்கிக் கண்காணித்தனர். இன்று ரோக்கியோ எனப்படும் எடோ நகரில் 1617இல் அனுமதி பெற்ற யொஷிவாரா இத்தகைய குடியிருப்புகளுள் தலையாயது. அங்கே பரத்தையரும் கெய்ஷாக்களும் ஒரே விருந்திற் பங்குகொண்டனர். ஆயின் அவர்கள் வெவ்வேறு தொழிலினர். பெரும் பரத்தையரான ஒயிரான்கள் அரைக்கச்சையை முன்புறம் முடிந்து, தலைநிறைய ஊசிகள் செருகி வருவர். கெய்ஷாவின் கச்சை பின்புறம் முடியப்பட்டது. இன்றும் ஒயிரானின் ஓவியத்தைக் காட்டிக் கெய்ஷா எனப் பெயரிடும் நூல்களும் சுவரொட்டிகளும் பல.

1779இல் யொஷிவாராவிலே கெய்ஷாக்களைப் பதிவுசெய்து மேற்பார்க்கும் கென்பன் என்னும் அலுவலகம் நிறுவப்பட்டது. பரத்தையரின் வாடிக்கையாளரைக் கெய்ஷா கவர்தல் கூடாது என்பது அதன் முதன்மை நோக்கம். ஆடையணி எளிமையாயிருத்தல் வேண்டும், விருந்தினரோடு நெருங்கியமர்தல் ஆகாது என்றெல்லாம் விதிகள் எழுந்தன. கெய்ஷாவைத் தூய கலைஞர் எனக் காட்டுவோர் இவ்விதிகளைத் தம் கட்சிக்குச் சான்றாகக் கொள்வர். அவ்விதிகள் எவர் நலன் கருதி இயற்றப்பட்டன என்பதையோ அவர்கள் வினவுவதில்லை. அவை காத்தது கெய்ஷாவின் மானத்தையன்று. பரத்தையர் விடுதியுடையோரின் வருவாயையே காத்தன. யொஷிவாராவின் வேலிக்கு வெளியே, அனுமதிபெறாத பகுதிகளில் இவ்விதிகள் செல்லவில்லை. கலையோடு உடலையும் விற்கும் கட்டாயத்துக்குள்ளானோர் அங்கே இருந்தனர். 'சறுக்கி விழும் கெய்ஷா' என ஏளனமாக அவர்களுக்குப் பெயரிட்ட சமூகம், அவர்களைத் தள்ளிய கையைப் பற்றிப் பேசவில்லை.

மேலைக் கற்பனை

ஐரோப்பாவுக்குக் கெய்ஷாவை முதலில் அனுப்பியோர் யப்பானியரே. 1867ஆம் ஆண்டுப் பாரிஸ் கண்காட்சியில் எடோவிலிருந்து சென்ற மூன்று கெய்ஷாக்கள் தேநீர் இல்லமொன்றில் அமர்ந்து காட்சிப்பொருளாயினர். அன்றுதொட்டு ஐரோப்பியக் கற்பனை தன் வேலையைத் தொடங்கியது. பிரெஞ்சுக் கடற்படை அதிகாரியும் எழுத்தாளருமான பியர் லோத்தி 1885இல் நாகசாக்கியிலே ஒரு பெண்ணைக் குறுங்கால 'மனைவி'யாக அமர்த்தியிருந்தார். அவ்வனுபவத்திலிருந்து 1887இல் வெளிவந்ததே 'மதாம் கிரிசாந்தெம்' என்னும் நாவல். அதன் நாயகி கெய்ஷா அல்லள். ஆயினும் அதன் வழிவந்த கதைகள் அவளைக் கெய்ஷாவாக்கின. 1896இல் இலண்டனில் 'த கெய்ஷா' என்னும் இசைநாடகம் எழுநூறு தடவைக்கு மேல் மேடையேறியது. ஜோன் லூதர் லோங் 1898இல் எழுதிய சிறுகதை 1900இல் நாடகமாகி, 1904இற் புச்சினியின் 'மடாமா பட்டர்ஃப்ளை' ஆயிற்று.

புச்சினியின் நாயகி பதினைந்து வயதுச் சிறுமி. குடும்பம் நொடித்தமையாற் கெய்ஷாவானவள். அமெரிக்க மாலுமி வீட்டைத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது ஆண்டுக் குத்தகைக்குப் பெறுகின்றான். மாதந்தோறும் அதனை முறித்துக்கொள்ளும் உரிமையும் அவனுக்குண்டு. மனைவிக்கும் அதே நிபந்தனையே. அவளுக்கு அவன் கொடுத்த விலை நூறு யென். ஒப்பந்தம், விலை, வறுமை, வயது ஆகிய யாவும் மேடையிலே வெளிப்படையாகக் கூறப்படுகின்றன. எனினும் நூறாண்டுக்கு மேலாக அரங்கிலமர்ந்தோர் அதனை ஒரு காதற் சோகமாகவே கண்டு கண்ணீர் உகுத்து வந்துள்ளனர். கண்ணீர் அவ்வொப்பந்தத்தை மறைத்துவிட்டது.

1945இன் பின்னர் நேசநாட்டுப் படைகள் யப்பானில் நிலைகொண்டபோது இக்கற்பனை கொச்சையாயிற்று. போரினாற் பட்டினியுற்றுத் தெருவுக்கு வந்த பெண்கள் படைவீரரிடம் தம்மைக் கெய்ஷா எனக் கூறிக்கொண்டனர். வீரர்களும் அவ்வாறே அழைத்தனர். ஷமிசென் நரம்பைத் தொட்டறியாத அப்பெண்களின் பெயராற் கெய்ஷா என்னும் சொல் உலகெங்கும் பரவிற்று. ஆர்தர் கோல்டனின் 1997ஆம் ஆண்டு நாவலும், 2005இல் வெளிவந்த அதன் திரைப்படமும் அப்பழைய சரக்கையே பட்டுத்துணியிற் பொதிந்து விற்றன. மீன்பிடிக் கிராமத்துச் சிறுமியின் கன்னிமை ஏலம் போவதே அக்கதையின் உச்சம்.

கலையின் உண்மை

இக்கற்பனைக்கு எதிராகக் கெய்ஷாவின் கலையை எடுத்துக்காட்டுவது முறையே. கியோத்தோவிற் கியோன் கோபு, கியோன் ஹிகாஷி, மியாகாவாச்சோ, பொந்தோச்சோ, கமிஷிச்சிகென் என ஐந்து 'மலர்நகர்'கள் இன்றும் உள்ளன. அங்கே கெய்ஷாவைக் கெய்கோ என்பர். பயிற்சி பெறும் இளம்பெண் மைக்கோ எனப்படுவாள். ஒகியா என்னும் இல்லத்தில் தங்கி நடனம், ஷமிசென், பாட்டு, முழவு, தேநீர்ச் சடங்கு ஆகியவற்றை ஏறத்தாழ ஐந்தாண்டு பயின்ற பின்னரே ஒருத்தி கெய்கோ ஆகின்றாள். அதன்பின்னும் பயிற்சி நிற்பதில்லை. கியோன் கோபுவில் இனோவே மரபு நடனம் தலைமுறை தலைமுறையாகப் பெண் ஆசான்களாற் கற்பிக்கப்பட்டு வருகின்றது. நோ நாடகத்தின் அடக்கத்தைத் தன்னுட் கொண்ட நடனம் அது. 1629இற் பெண்கள் கபுக்கி மேடையிலிருந்து விலக்கப்பட்ட நாட்டிலே, பெண்கள் ஆடியும் பாடியும் பேணிய மரபுகளின் பெரும்பகுதி இவ்வில்லங்களிலேயே உயிர்பிழைத்தது.

தலைநகர் ரோக்கியோவுக்கு மாறியபின் களையிழந்த கியோத்தோவை மீட்டெடுக்க 1872இல் ஒரு கண்காட்சி நடத்தப்பட்டது. அதன்பொருட்டு மூன்றாம் இனோவே யச்சியோ அமைத்த குழுநடனமே, இன்றும் வசந்தந்தோறும் ஆடப்படும் 'மியாக்கோ ஒதோரி'. ஒரு நகரின் பொருளாதாரத்தையே தூக்கி நிறுத்தும் பணி அன்று இப்பெண்களிடம் ஒப்படைக்கப்பட்டது. இத்தகையோரைப் பரத்தையர் என ஒரு சொல்லில் ஒதுக்குவது வரலாற்றுக்கே இழைக்கும் அநீதியாகும்.

ஆயின் கலை இருந்தது என்பதனால் அடிமைத்தனம் இருக்கவில்லை என்றாகாது. இவ்விரண்டும் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தன.

கடன் என்னும் கயிறு

1872ஆம் ஆண்டிலேயே இன்னொரு நிகழ்ச்சியும் இடம்பெற்றது. இருநூற்றுக்கும் மேற்பட்ட சீனக் கூலிகளை ஏற்றிச்சென்ற 'மரியா லூஸ்' என்னும் பெருநாட்டுக் கப்பல் யொக்கோஹாமா துறையை அடைந்தது. கூலிகளுள் ஒருவன் கடலிற் குதித்துத் தப்பினான். யப்பானிய அதிகாரிகள் விசாரணை நடத்திக் கூலிகளை விடுவித்தனர். அவ்வழக்கிலே கப்பற் கட்சியினர் ஒரு கூரிய வினாவை எழுப்பினர். தன் பெண்களைக் கடனொப்பந்தத்தால் விற்க இடமளிக்கும் நாடு, பிறரின் கூலி ஒப்பந்தத்தை எவ்வாறு கண்டிக்கலாம்? விடையளிக்க வகையற்ற மெய்ஜி அரசு, அவ்வாண்டு ஒக்டோபரிலே பரத்தையரையும் கெய்ஷாக்களையும் விடுவிக்கும் ஆணையைப் பிறப்பித்தது. அதனைத் தொடர்ந்து நீதித்துறை விடுத்த விளக்கம் வியப்புக்குரியது. இப்பெண்கள் மனித உரிமை இழந்து மாட்டுக்கும் குதிரைக்கும் ஒப்பான நிலையில் உள்ளனர்; மாட்டிடமும் குதிரையிடமும் கடனைத் திருப்பிக் கேட்க இயலாது; எனவே இவர்களிடமும் கேட்கலாகாது என்பதே அதன் சாரம். 'மாடு குதிரை அவிழ்ப்பு ஆணை' என மக்கள் அதற்குப் பெயரிட்டனர்.

அவிழ்த்த கயிறு விரைவில் மீண்டும் கட்டப்பட்டது. பரத்தையருக்கும் கெய்ஷாக்களுக்கும் வேறுவேறு உரிமச் சீட்டுகள் வழங்கப்பட்டன. 'தன் விருப்பால்' தொழில் செய்வோர் எனச் சட்டம் அவர்களை வருணித்தது. பெற்றோர் பெறும் முன்பணமோ முன்போலவே மகளின் தலைமீது ஏறியது. ஆடை, அணி, உணவு, ஆசிரியர் கூலி யாவும் அதனோடு சேர்ந்தன. கெய்ஷாவின் நேரம் எரியும் ஊதுவத்திகளால் அளக்கப்பட்டது. ஓர் ஊதுவத்தி எரிந்து முடியும் காலத்துக்கு ஒரு கட்டணம். அப்பணம் தேநீர் இல்லத்துக்கும் பதிவகத்துக்கும் ஒகியாவுக்கும் பங்கிடப்பட்டபின், எஞ்சியதும் கடனுக்கே போயிற்று. ஒரு பெண்ணை வேலைசெய்யுமாறு கட்டுப்படுத்துவது செல்லாது, ஆனாற் கடன் மட்டும் செல்லும் எனப் பிரித்துக்காணும் போக்கு நீதிமன்றங்களில் நெடுங்காலம் நிலவியது. 1955இலேயே யப்பானிய உயர்நீதிமன்றம், பெண்ணின் உழைப்போடு பிணைத்த அத்தகைய முன்பணக் கடன் முழுவதுமே செல்லாது எனத் தீர்ப்பளித்தது. மரியா லூஸ் வழக்குக்கும் அத்தீர்ப்புக்கும் இடையே எண்பத்துமூன்று ஆண்டுகள் கழிந்தன. அவ்விடைக்காலத்திலேயே, 1920களில், கெய்ஷாக்களின் தொகை ஏறத்தாழ எண்பதாயிரத்தை எட்டியது.

தூய்மை என்னும் மறுபொய்

கெய்ஷாவைத் தூய கலைஞர் என்போர் கியோனின் முன்னணிக் கலைஞரையே எடுத்துக்காட்டுவர். மினெக்கோ இவசாக்கி அத்தகையவர். கோல்டனின் நாவல் தம் வாழ்வைத் திரித்துக் காட்டியதெனக் கூறி அவர் 2001இல் வழக்குத் தொடுத்தார். 2003இல் இணக்கம் ஏற்பட்டது. கன்னிமை ஏலம் தம் வாழ்வில் நிகழவேயில்லை என அவர் உறுதிபடக் கூறினார். அவரது கூற்றை ஐயுறக் காரணம் இல்லை. ஆயின் கியோனின் உச்சியிலிருந்த ஒருவரின் வாழ்வை எண்பதாயிரம் பேரின் வாழ்வாகக் கொள்ளுதல் எங்ஙனம் பொருந்தும்? அவரே மரபின் இறுக்கத்தின்மீது கொண்ட அதிருப்தியால், புகழின் உச்சியிலிருக்கையில், இருபத்தொன்பதாம் வயதிலே தொழிலைத் துறந்தவர் என்பதையும் அவரை மேற்கோள் காட்டுவோர் விட்டுவிடுவர்.

இவசாக்கியின் தன்வரலாற்றுக்கு நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன்னர், 1957இல், சயோ மசுடா தம் வாழ்வை எழுதினார். 1925இற் பிறந்த அவர், சிறுவயதிற் பிறர் பிள்ளையைச் சுமக்கும் வேலைக்காரியாயிருந்து, பன்னிரண்டாம் வயதிற் சுவா என்னும் வெந்நீரூற்று ஊரில் ஒரு கெய்ஷா இல்லத்துக்கு விற்கப்பட்டவர். பள்ளியறியாத அவர் வளர்ந்தபின்னரே எழுத்துக் கற்று, அவ்வெளிய எழுத்திலேயே நூலை எழுதினார். அங்கும் ஷமிசென் உண்டு, நடனமும் உண்டு. கூடவே பசியும் அடியும் உண்டு. உடல் விலைபேசப்பட்டதும் உண்டு. அந்நூல் ஆங்கிலத்தில் வர 2003 வரை காத்திருக்க நேர்ந்தது. கற்பனை நாவலுக்குக் கிடைத்த வாசகர் கூட்டம் உண்மை கூறியவருக்குக் கிடைக்கவில்லை. தூய்மைவாதிகளும் அவரைக் 'கெய்ஷா எனத்தகாத வெந்நீரூற்றுப் பெண்' என ஒதுக்கிவிட்டனர். தமக்கு ஒவ்வாத சான்றாளரைச் சாதிநீக்கம் செய்து வழக்கை வெல்வது எளிது.

அறிஞருலகும் இதற்கு விலக்கன்று. மெய்யியலாளரான குக்கி ஷூசோ 1930இல் வெளியிட்ட நூலில், மலர்நகர்களில் வளர்ந்த 'இக்கி' என்னும் அழகுணர்வை யப்பானிய உள்ளத்தின் தனித்தன்மையாக விளக்கினார். நயமான கவர்ச்சி, தளராத செருக்கு, பற்றறுத்த அமைவு என்னும் மூன்றும் அதன் கூறுகள் என்பது அவர் கருத்து. நுண்ணிய நூல்தான். எனினும் அவ்'அமைவு' எவருடையது? காதலனைத் தானே தெரிவுசெய்ய இயலாது, கடன் தீரும்வரை வெளியேறவும் இயலாது வாழ்ந்த பெண்ணுடையது. பண முடையால் எழுந்த கைவிடுகையை அழகியலாகப் பெயர்த்தபோது, பணம் கொடுத்தவனின் சுவையே தேசத்தின் ஆன்மாவாகிவிட்டது.

இதற்கு மாற்றான குரலும் யப்பானிலேயே எழுந்தது. திரைப்பட இயக்குநர் கென்ஜி மிசோகுச்சியின் தமக்கை வறுமையின் பொருட்டுக் கெய்ஷாவாக விற்கப்பட்டவர். 1936இல் அவர் எடுத்த 'கியோன் சகோதரிகள்' என்னும் படத்தில், ஆதரவாளனுக்கு விசுவாசமாயிருந்த தமக்கையும் கைவிடப்படுகின்றாள். ஆடவரை ஏய்த்துப் பிழைக்க முயன்ற தங்கையும் வீழ்த்தப்படுகின்றாள். படுக்கையிற் கிடந்தபடி, கெய்ஷா என்றொரு தொழில் இவ்வுலகில் எதற்காக இருக்கவேண்டும் எனத் தங்கை கதறுவதோடு படம் முடிகின்றது. நற்பெண், தீப்பெண் என்னும் பாகுபாடு அங்கே பொருளற்றுப் போகின்றது.

இன்றைய நிலை

1956இல் இயற்றப்பட்ட பரத்தமைத் தடுப்புச் சட்டம் யொஷிவாராவின் உரிமத்தை ஒழித்தது. கெய்ஷாவின் தொழிலோ சட்டத்துக்கு அமைந்ததாகத் தொடர்ந்தது. குழந்தைகள் விற்கப்படும் காலம் மலையேறிவிட்டது. கட்டாயக் கல்வியை முடித்த பெண்கள், பதினைந்து வயதளவில், தாமே விரும்பி மைக்கோவாகச் சேர்கின்றனர். கெய்ஷாக்களின் தொகை இன்று ஓரிரு ஆயிரமே. எனினும் மைக்கோவுக்குச் சம்பளம் இல்லை. கைச்செலவுக்குச் சிறுதொகையே உண்டு. உணவும் உடையும் பயிற்சியும் ஒகியாவின் பொறுப்பு. அவள் மாணவியா, தொழிலாளியா? மாணவியாயின் நள்ளிரவுவரை மதுவிருந்திற் பணிசெய்வது ஏன்? தொழிலாளியாயின் கூலி எங்கே? 2022இல், முன்னர் மைக்கோவாயிருந்த இளம்பெண் ஒருவர், பதினாறு வயதிலே மது அருந்த நேர்ந்ததையும் வாடிக்கையாளரோடு நீராட வற்புறுத்தப்பட்டதையும் வெளிப்படையாகக் கூறினார். உடனே பழைய வினாவே எழுந்தது: கெய்ஷாக்கள் பரத்தையரா, அல்லரா? மரபின் மானத்தைக் காக்க முனைந்தோரும் அதனைப் பழிக்க முனைந்தோரும் அவ்வினாவின் இருபுறமும் நின்று பொருதனர். வயதும் கூலியும் வேலைநேரமும் பற்றிய வினா மீண்டும் பின்தள்ளப்பட்டது.

மறுபுறம், கியோன் ஒழுங்கைகளில் மைக்கோக்களைத் துரத்திப் படம்பிடிக்கும் பயணிகளைத் தாங்காது, அப்பகுதியார் 2019இல் தனியார் ஒழுங்கைகளிற் படம்பிடிப்பதைத் தடைசெய்து, பத்தாயிரம் யென் தண்டம் என அறிவித்தனர். 2024இற் சில ஒழுங்கைகளைப் பயணிகளுக்கே மூடினர். வேலைக்கு நடந்துசெல்லும் பெண்ணின் சட்டையைப் பிடித்திழுக்கும் துணிவு பயணிக்கு எங்கிருந்து வந்தது? அவளை வேலைக்குச் செல்பவளாக அவன் காணவில்லை. அவனுக்கு அவள் புச்சினியின் மேடையிலிருந்து இறங்கிவந்தவள்.

கியோனிலே கெய்கோக்களும் மைக்கோக்களும் நடனமும் இசையும் பயிலும் பள்ளி, யசாக்கா நியொகோபா எனப்படும். விடுதலை ஆணையைத் தொடர்ந்து, அப்பகுதிப் பெண்களுக்குத் தையல் முதலியவற்றைக் கற்பித்து மாற்றுப் பிழைப்புக்கு வழிசெய்ய 1870களில் எழுந்த நிலையமே அதன் மூலம். பெண்களின் கைத்தொழிற் களம் என்பது அப்பெயரின் பொருள். கலைக்கோயில் என்றோ கேளிக்கைக்கூடம் என்றோ அது பெயர் பெறவில்லை. கெய்ஷாவைப் பழிப்போரும் புகழ்வோரும் நூறாண்டுக்கு மேலாகக் காண மறுத்த உண்மை அப்பள்ளியின் வாயிற்பலகையிலேயே எழுதப்பட்டுள்ளது. அவள் கற்புடையவளா என வினவும் உரிமை எவர்க்கும் இல்லை. அவளது உழைப்புக்குரிய கூலி அவள் கைக்கு வந்ததா என வினவும் கடமை அனைவர்க்கும் உண்டு.